ஹல்க் 181: விலை கேட்பதற்கு முன் கடிதப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் பெரியப்பா 1970களின் நடுவில் அமெரிக்காவில் மேற்படிப்புப் படித்தார். அவர் காலமான பிறகு பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் ஒரு கட்டு காமிக்ஸ் கிடைத்தது. அவற்றில் ஒன்று மார்வெல் வெளியிட்ட ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க்’ 181ஆம் இதழ், நவம்பர் 1974. இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 50 லட்சம் ரூபாய் என்கிறது, இன்னொரு பக்கம் ஒரு லட்சம் என்கிறது. பழைய புத்தகம் வாங்குகிற ஒருவரோ 15,000 ரூபாயைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். இதில் எது சரி, கொடுத்துவிடலாமா, கொடுப்பதற்கு முன் கிழிசலை ஒட்டி லேமினேட் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். விலையைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது உங்கள் கையில் இருக்கும் இந்த ஒரு பிரதி எவ்வளவு முழுமையாக, எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதுதான். இணையத்தில் நீங்கள் பார்த்த இரண்டு விலைகளும் இரண்டு வெவ்வேறு நிலைப் பிரதிகளுக்குப் பொருந்தக்கூடியவை.

லேமினேட் பற்றி மட்டும் உடனே சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நான் நியூ ஜெர்சியில் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கும் கடையொன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். வருகிற பிரதிகளை மேசையில் வைத்துத் தரம் பிரிப்பது என் வேலையாக இருந்தது. பழைய தாள்களைச் சீர்செய்யும் நிபுணன் அல்ல, வரி விவகாரம் தெரிந்தவனும் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த இதழுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பது. வுல்வரின் என்ற பாத்திரம் முழுமையாகத் தோன்றிய முதல் இதழ் இது. 180ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் அவன் தலையைக் காட்டுவான். 181இல் கனடாவின் கியூபெக் காடுகளில் ஹல்க்கும் வெண்டிகோ என்ற அரக்கனும் மோதிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து சண்டையிடுவான். எழுதியவர் லென் வீன், வரைந்தவர் ஹெர்ப் ட்ரிம்ப், உருவத்தை வடிவமைத்தவர் ஜான் ரொமிட்டா சீனியர். அடுத்த ஆண்டே வுல்வரின், மார்வெல்லின் சாகச நாயகர்களான எக்ஸ்‑மென் குழுவில் சேர்க்கப்பட்டான். பின்னாளில் ஹியூ ஜாக்மன் திரையில் நடித்தபோது காமிக்ஸ் படிக்காதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துபோனது. பெட்டியில் 180, 182ஆம் இதழ்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 182இன் தொடக்கத்திலும் அவன் சிறிது நேரம் வருவான். அவற்றுக்கும் தேவை உண்டு, 181 அளவுக்கு இல்லை.

பலரும் தவறாக நினைப்பது ஒன்று: இது அரிய இதழ் அல்ல. காமிக்ஸைத் தரம் பிரித்துச் சான்றளிக்கும் சி.ஜி.சி. நிறுவனத்தின் கணக்கில் மட்டும் இந்த இதழின் பிரதிகள் 10,000க்கும் மேல் ஏறியிருக்கின்றன. பெட்டிகளில் கிடப்பவை தனி. விலை ஏறுவது பிரதி குறைவு என்பதால் அல்ல, கேட்பவர்கள் அதற்கும் அதிகம் என்பதால். அதனால் ஒரு விளைவு உண்டு. வாங்குபவர் முன்னால் எப்போதும் பத்துப் பிரதிகள் இருக்கும். உங்களுடையதை மற்ற ஒன்பதோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். 1938இன் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் போல, கிழிந்து கந்தலாக வந்தாலும் போட்டி போட்டு வாங்க ஆள் நிற்கிற சரக்கு இது அல்ல. ஆகவே நிலையில் ஏற்படும் சின்ன வேறுபாடும் விலையில் பெரிதாகத் தெரியும்.

அசல்தானா என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். அட்டையில் விலை 25 சென்ட் என்று இருக்க வேண்டும். எங்கேயும் பார்கோடு இருக்கக் கூடாது. அமெரிக்க காமிக்ஸ் அட்டைகளில் பார்கோடு வரத் தொடங்கியது 1976இல்தான். உள்ளே முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அதில் 181 என்ற எண்ணும் நவம்பர் 1974 என்ற மாதமும் இருக்கின்றனவா என்று படியுங்கள். 1986இல் மார்வெல்லே 180, 181 இரண்டையும் சேர்த்து ‘தி இன்க்ரெடிபிள் ஹல்க் அண்ட் வுல்வரின்’ என்று மறுபதிப்பிட்டது. அது பெயரிலேயே தெரிந்துவிடும். 2019இல் வந்த நகல் பதிப்புதான் ஆட்களைக் குழப்புகிறது. பழைய விளம்பரங்களையும் விடாமல் அப்படியே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் விலையும் பொடி எழுத்தும் புதியவை, தாளும் புதியது. பழைய நியூஸ்பிரிண்ட் தாளுக்கு ஒரு சொரசொரப்பும் பழுப்பும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிறங்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். உங்கள் பெரியப்பா அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர், பெட்டியும் பல காலமாகத் திறக்கப்படாதது என்பதால் அசலாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

இனி இந்த இதழின் தலையெழுத்தையே மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் அது இல்லை. 1974இல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் ‘மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்’ என்று தபால்தலை போன்ற சின்னப் படம் ஒன்றை அச்சிட ஆரம்பித்தது. முதல் வரிசையில் மொத்தம் 100 படங்கள். கத்தரித்து எடுத்து அதற்கென உள்ள ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது பதிப்பகமே. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். இன்று அந்த ஓட்டை ஒவ்வொன்றும் பெரும் பணம். 181இல் இருப்பது 54ஆம் எண்: ஷானா என்ற காட்டுப் பெண்ணின் படம். முன்பின் அட்டைகள் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்தச் சதுரம் இல்லையென்றால், அதே நிலையில் உள்ள முழுப் பிரதியின் விலையில் பாதிகூடத் தேறாது.

எனவே இதழை மேசையில் வைத்து, பின்பக்கத்திலிருந்து மெல்லத் திருப்பி, கடிதப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். ஸ்டாம்ப் இருந்தால் அடுத்த கேள்வி, அது அங்கேயே பிறந்ததா என்பது. வேறு பிரதியிலிருந்து வெட்டி ஒட்டியவற்றையும், பக்கத்தையே மாற்றிச் செருகியவற்றையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளை மட்டும் சற்றே உயர்த்தி, பின்னால் ஒரு விளக்கைப் பிடியுங்கள். ஒட்டியதாக இருந்தால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த விளிம்பு, படத்தைச் சுற்றிக் கறுத்த சட்டம் போல எழும்பித் தெரியும். பின்பக்க அச்சையும் பாருங்கள். எழுத்து வரிகளோ கோடுகளோ அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியோ ஏறியோ தொடர்ந்தால் கைவேலை நடந்திருக்கிறது. எண் 54ஆக இல்லாவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. பக்கம் முழுவதும் மாற்றப்பட்டிருந்தால் தாளின் பழுப்பு அண்டைப் பக்கங்களோடு ஒத்துப்போகாது. ஸ்டேப்ளர் பின் துளைகளும் ஒரே இடத்தில் அமையாது. உங்கள் பெரியப்பா மேற்படிப்புப் படிக்கும் வயதில் வாங்கியவர் என்பதால், கத்தரித்து ஒட்டும் ஆசையைத் தாண்டியிருப்பார் என்று நம்பலாம். ஆனால் விடுமுறைக்கு வந்த அண்ணன் தம்பி பிள்ளைகள் கையில் அகப்பட்டதா என்பது உங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

அடுத்து பக்கங்கள். அட்டையை விட்டுவிட்டு உள்ளே 32 பக்கங்கள், அதாவது 16 தாள்கள், இருக்க வேண்டும். விளம்பரப் பக்கம்தானே போனது என்று விட்டுவிட முடியாது. கூப்பன் வெட்டிய விளம்பரமும் குறைதான். சரியாக நடுவில் உள்ள தாள் இரண்டு பின்களிலும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இதழ்களில் முதலில் கழன்று வருவது அதுதான்.

இப்போது நிலை. தரம் பிரிக்கும்போது நாங்கள் செய்வது ஒன்றும் மந்திர வேலை அல்ல, பொறுமையான வேலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர விடுங்கள். கையுறை தேவையில்லை, அது விரலின் உணர்வைக் கெடுத்துத் தாளைக் கிழிக்க வைக்கும். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் இதழை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து அட்டையின் குறுக்கே அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த அட்டையில் அப்போதுதான் விரல் அழுத்திய பள்ளங்களும், மடிந்து நிமிர்ந்த கோடுகளும், எப்போதோ மேலே தாள் வைத்து எழுதியதில் பதிந்த எழுத்துகளும் நிழலோடு எழுந்து வரும். அதில் முக்கியமான பாகுபாடு ஒன்று உண்டு: மடிப்பில் மை உடைந்து வெள்ளைத் தாள் தெரிகிறதா, இல்லையா. மை உடையாத பள்ளத்தை நிபுணர்கள் அழுத்திச் சமப்படுத்த முடியும். மை உடைந்த கோடு நிரந்தரம்.

முதுகுப் பகுதியில், பின்களை ஒட்டி, குறுக்கே சின்னச் சின்ன வெள்ளைக் கீறல்கள் இருக்கும். திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் விட்டுச் சென்றவை அவை. உயர்ந்த தரத்துக்கும் நடுத்தரத்துக்கும் இடையிலான வழக்கெல்லாம் இந்தக் கீறல்களின் எண்ணிக்கையில்தான் நடக்கும். பிறகு மூலைகள், ஓரங்கள், அட்டையின் பளபளப்பு, பின்பக்க அழுக்கு. பெட்டியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறாக அடுக்கி வைத்திருந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரம் மட்டும் பழுப்பேறி நேர்கோடாக ஒரு நிழல் விழுந்திருக்கும். உள்ளே தாளின் நிறத்தைப் பாருங்கள்: வெள்ளை, வெள்ளைக்குச் சற்றுக் கீழ், பாலாடை நிறம், பழுப்பு என்று படிப்படியாக இறங்கும். நியூஸ்பிரிண்ட் தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருப்பதால் காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டு அமிலமேறிப் பழுக்கிறது. கடைசி நிலை நொறுங்குவது. மடித்துச் சோதிக்க வேண்டாம். புரட்டி முடித்தபின் அடியில் விரித்த வெள்ளைத் தாளில் பழுப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சென்னை வீட்டுப் பரண் என்பதால் இரண்டு மூன்று விஷயங்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஈரக்காற்றில் பின்கள் துருப்பிடித்து, அந்தத் துரு தாளுக்குள் பரவியிருக்கும். இராமபாணப் பூச்சி அட்டையின் மேல்தோலை மட்டும் மேய்ந்து, மங்கலான திட்டுகளை விட்டுப் போயிருக்கும். டார்ச் வெளிச்சத்தில்தான் அது தெரியும். முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை அடித்தால் பூஞ்சணம் இருக்கலாம், அதை மற்ற இதழ்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். இன்னொன்று, நம் ஊர் வழக்கம்: ஐந்தாறு இதழ்களைச் சேர்த்து பைண்டிங் செய்வது. முதுகை ஒட்டி, பின்களுக்குச் சம்பந்தமில்லாத துளைகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எப்போதோ நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். தைத்தவர் மூன்று ஓரங்களையும் சீராக வெட்டியும் இருப்பார். வெட்டாத இதழ் சுமார் 17 செ.மீ. அகலமும் 26 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள அதே ஆண்டு மார்வெல் இதழ் ஒன்றின்மேல் வைத்து ஒப்பிடுங்கள். அச்சகத்திலேயே கொஞ்சம் முன்பின் வெட்டுவார்கள் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஓரங்கள் மட்டும் புதுத்தாள் போல வெளுத்து, அட்டையும் உள்தாளும் இம்மி பிசகாமல் ஒரே மட்டத்தில் இருந்தால் பிற்காலத்தில் வெட்டியதாக இருக்கும். ஓரம் வெட்டிய பிரதியை வாங்குபவர்கள் கடுமையாகத் தள்ளி வைப்பார்கள்.

உங்கள் படங்களில் எனக்குத் தெரிவதைச் சொல்கிறேன். முன்னட்டையின் கீழ் வலது மூலையில் மை உடைந்த மடிப்பு ஒன்று. முதுகில் ஏழெட்டுக் கீறல்கள். கீழ்ப் பின்னைச் சுற்றித் துரு வட்டம். மேலே நீல மையில் உங்கள் பெரியப்பாவின் பெயர். முதுகின் அடியில் ஓர் அங்குல நீளத்துக்குச் செல்லோ டேப், மஞ்சளாகிவிட்டது. பளபளப்பு நன்றாக மிஞ்சியிருக்கிறது, அட்டை இரண்டு பின்களிலும் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. 0.5 முதல் 10 வரை போகும் அளவுகோலில், ஸ்டாம்ப் இருந்து பக்கங்களும் முழுசாக இருந்தால், 3.0க்கும் 4.5க்கும் இடையில் எங்கேயோ நிற்கும் என்பது என் கணிப்பு. இது படத்தைப் பார்த்துச் சொல்வது. ஓரம் வெட்டியிருப்பதையும், நிறம் தீட்டியிருப்பதையும், தாளின் பலத்தையும் கைப்பேசிப் படத்தில் பார்க்க முடியாது. நேரில் எடுத்துப் பார்த்தாலும் அனுபவமுள்ள இருவர் அரைப் புள்ளி வேறுபடுவது சகஜம். படத்தைப் பார்த்துவிட்டு 4.0 என்று அடித்துச் சொல்கிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பெயர் எழுதியிருப்பதை நினைத்து வருந்தியிருக்கிறீர்கள். உங்கள் பிரதி நிற்கும் தரத்தில் அது பெரிய குறை ஆகாது. டேப்பும் துருவும்தான் அதிகம் இழுக்கின்றன. எட்கர் சர்ச் என்பவர் கொலராடோவில் சேர்த்து வைத்து 1977இல் வெளிச்சத்துக்கு வந்த சேகரிப்பில், அட்டைமேல் உள்ள பென்சில் குறிகளையே அடையாளமாக வைத்து அதிக விலை கொடுக்கிறார்கள். அந்த அதிர்ஷ்டம் நம் வீட்டுப் பெயர்களுக்குக் கிடையாது. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான இதழ்கள் ஒரே கையில் இருந்ததால் வந்த மதிப்பு அது.

சரி, பணம். நீங்கள் பார்த்த 50 லட்சம், 9.8 தரம் பெற்ற பிரதியின் விலையாக இருக்கும். ஏறக்குறைய கடையிலிருந்து நேராகப் பெட்டிக்குள் போய், யாரும் படிக்காமலே இருந்த பிரதி அது. 2021, 2022ஆம் ஆண்டுகளின் வெறியில் அத்தகைய பிரதி ஒரு லட்சம் டாலரையும் தாண்டிப் போனது, பிறகு வெகுவாக இறங்கிவிட்டது. நான் மேலே சொன்ன தரத்தில் முழுப் பிரதி என்றால், உச்சம் தணிந்த பிறகு நான் கவனித்த விற்பனைகளை வைத்து, சுமார் 1,300லிருந்து 2,300 டாலர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ரூபாயில் ஒரு லட்சத்துக்கு மேல், இரண்டு லட்சத்தை ஒட்டி. ஸ்டாம்ப் போயிருந்தால் அதில் பாதிக்கும் கீழே. ஓரம் வெட்டியோ பைண்டு செய்தோ இருந்தால் இன்னும் கீழே. அந்த மோசமான நிலையிலும் 15,000 ரூபாய், அதாவது 200 டாலருக்கும் குறைவான தொகை, மிகவும் மலிவு. நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பது மட்டும் உறுதி. மற்றபடி, நான் சொன்ன டாலர் கணக்கு சந்தையோடு நகரும். ஒரு படம் ஓடினால் ஏறும், சூடு ஆறினால் இறங்கும்.

விலையை நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்றவற்றை மட்டும் காட்டும் வசதி உண்டு. டல்லாஸில் உள்ள ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பழைய ஏல முடிவுகளைப் பார்க்கலாம். அங்கே காட்டும் தொகையில் வாங்குபவர் செலுத்தும் கட்டணமும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்குப் போவது அதைவிடக் குறைவு. சி.ஜி.சி. தரத்தை லேபிளில் எழுதி மூடித்தரும் பிளாஸ்டிக் உறையில் உள்ள பிரதிகளை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், லேபிளின் நிறத்தையும் பாருங்கள். சி.ஜி.சி. உறையில் நீலம் என்றால் சாதாரணமானது. ஊதா என்றால் சீரமைப்புச் செய்யப்பட்டது. பச்சை என்றால் ஏதோ ஒரு பெரிய குறையைத் தனியாகக் குறிப்பிட்டுவிட்டு மற்றதற்குக் கொடுத்த தரம். ஸ்டாம்ப் வெட்டிய 181 பிரதிகள் பல இந்தப் பச்சையில்தான் இருக்கும். “7.0 தரம்” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பச்சை லேபிளைப் படத்தின் ஓரத்தில் பாதி மறைத்து வைக்கும் விற்பனையாளர்கள் நிறையப் பேர்.

இப்போது லேமினேஷன். சூடான பிளாஸ்டிக்கும் பசையும் தாளோடு இறுகிய பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. சேகரிப்பாளர் கண்ணில் அது அன்றோடு முடிந்த இதழ். கிழிசலில் புது டேப் ஒட்ட வேண்டாம். பழைய டேப்பை உரிக்கவும் வேண்டாம். காய்ந்த பசை, அட்டையின் மையைத் தன்னோடு எடுத்துக்கொண்டுதான் வரும். வெள்ளைக் கீறல்களைக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்புவது பலருக்கும் தோன்றும் யோசனை. மை உள்பக்கம் ஊறி நிற்பதைத் தரம் பிரிப்பவர் அட்டையைத் திருப்பிய மறுநொடி கண்டுகொள்வார், உங்கள் பிரதிக்கு ஊதா லேபிள் வந்து சேரும். சுருக்கத்தை எடுக்க இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வராதீர்கள். அழுத்திச் சமப்படுத்தும் வேலையை ஈரப்பதமும் வெப்பமும் அளந்து செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், சி.ஜி.சி. அதைச் சீரமைப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் 3.0, 4.0 தரப் பிரதிக்கு அந்தச் செலவு பெரும்பாலும் தண்டம்.

செய்ய வேண்டியது எளிது. பாலிபுரொப்பிலீன் அல்லது மைலார் உறை ஒன்று, பின்னால் அமிலமற்ற அட்டை ஒன்று, பி.வி.சி. உறை கூடாது. அந்துருண்டையை இதழோடு ஒட்டி வைக்காதீர்கள், அதன் வாடை தாளில் ஏறினால் போகாது. பரணுக்குத் திரும்ப ஏற்றாமல், வெயில் படாத, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

விற்பதாக இருந்தால் சான்றளித்து விற்பதா, அப்படியே விற்பதா என்ற கேள்வி வரும். ஸ்டாம்ப் இருந்தால் சான்றளிப்பு லாபம் என்பது என் அபிப்பிராயம். இந்த இதழைப் பொறுத்தவரை வாங்குபவரின் முதல் பயமே ஸ்டாம்பும் மாற்றிய பக்கமும்தான், உறை அந்தப் பயத்தைத் தீர்க்கிறது. ஸ்டாம்ப் இல்லையென்றாலும் சான்றளிக்கலாம், ஆனால் மிச்சம் குறைவு. சி.ஜி.சி. ஃபுளோரிடாவில் இருக்கிறது. அங்கிருந்து வரும் உறவினர் யாராவது கையோடு கொண்டுபோய் அங்கிருந்தே அனுப்பினால், சர்வதேச கூரியரும் அதன் காப்பீட்டு வரம்புகளும் தரும் தலைவலி இல்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 ஆண்டு ஆனவற்றையும், கையெழுத்துப் பிரதிகள் என்றால் 75 ஆண்டு ஆனவற்றையும்தான் தொல்பொருளாகப் பார்க்கிறது. 1974இன் காமிக்ஸ் அதில் சிக்காது. வரும் பணத்துக்கு வரி எப்படி என்பதை ஆடிட்டரிடம் கேளுங்கள். இங்கேயே ஒரு வியாபாரிக்கு விற்றால், சந்தை விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கேட்பது நியாயம். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, சரக்கு தேங்கும் ஆபத்து இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு நியாயம் அல்ல. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் இருந்தால், யாரிடமும் விலை பேசுவதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அனுப்ப வேண்டியவை: கடிதப் பக்கம் முன்னும் பின்னும், முதல் பக்கத்தின் பொடி எழுத்து, நடுத்தாளின் இரண்டு பின்கள், டார்ச் வெளிச்சத்தில் முன்னட்டை. அவை வந்தால் என் கணிப்பின் அகலத்தைக் கொஞ்சம் குறைக்க முடியும்.

கடைசியில் போகிற போக்கில், நீங்கள் சின்ன வயதில் வாங்கிய 1991ஆம் ஆண்டு ‘எக்ஸ்‑மென்’ முதல் இதழும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் இதழ்தான், சந்தேகமில்லை. ஆனால் அது 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சாகி, உலகிலேயே அதிகம் விற்ற காமிக்ஸ் இதழ் என்று கின்னஸில் இடம்பிடித்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தியும் விட்டார்கள். அதற்கு உறை வாங்கும் காசுகூட வீண். வீட்டில் படிக்கிற வயதில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.